தறிக்கும் சேரிக்கும் நடுவே ஒரு புத்தக அலமாரி: காஞ்சிப் பிள்ளைகளுக்கு எந்த வயதில் எந்தப் புத்தகம்?

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை நேரப் படிப்பகம் தொடங்கும் தோழர்கள் இடம், விளக்கு, பாய் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கடைசியில்தான் புத்தகத்துக்கு வருகிறார்கள். கையில் இருப்பது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய். பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது என்று கேட்கிறார்கள். அதோடு சற்றுத் தயங்கி இன்னொன்றையும் கேட்கிறார்கள்: சாதியைப் பற்றிப் பேசுகிற புத்தகத்தை எந்த வயதில் கொடுக்கலாம்? ஏழு வயதுப் பிள்ளையிடம் தீண்டாமையைச் சொன்னால் அந்த மனம் சுருங்கிப் போகாதா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குப் பட்டியல் போட முடியாது. அந்தப் பதிலோ இந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் யாருடைய பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்தது, யாருடைய பிள்ளைக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காத பிள்ளைகளுக்காக யார் எழுதினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

காஞ்சிபுரம் கல்விக்குப் பேர்போன ஊர். கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் நான்காம் நூற்றாண்டில் தன் ஆசானோடு இங்கிருந்த கடிகைக்குப் படிக்க வந்ததைக் கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. பௌத்த தர்க்கத்தின் ஆசான் திக்நாகர் காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தவர். நாளந்தாவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதி வைத்தார். பசித்தவருக்கெல்லாம் சோறிட்ட மணிமேகலை தன் அமுதசுரபியோடு கடைசியில் வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான்.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் காஞ்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் புத்தகங்களில் பௌத்தம் இரண்டு வரியில் முடிந்துவிடும். கோபுரமும் பட்டும் மீதிப் பக்கங்களை எடுத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் உத்திரமேரூரைப் பற்றி எழுதினால் குடவோலை தவறாமல் வரும். பத்தாம் நூற்றாண்டிலேயே தேர்தல் நடந்தது என்று எழுதுகிறவர்கள் அதே கல்வெட்டில் உள்ள தகுதிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை அது. அந்தக் கல்வெட்டில் சேரி என்ற சொல் அந்த ஊரின் குடியிருப்புப் பகுதிகளுக்கே வருகிறது என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். நம்மைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிற சொல் ஒருகாலத்தில் அவர்களுடைய தெருவுக்கும் பெயராக இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

அச்சுப் புத்தகம் வருவதற்கு முன் தமிழ்ப் பிள்ளையின் முதல் பாடம் ஆத்திச்சூடி. திண்ணையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். திண்ணை என்றால் யாருடைய வீட்டுத் திண்ணை என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஏற முடியாத பிள்ளைக்கு ஔவையாரும் எட்டாதவராகவே இருந்தார்.

1839-ல் காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனின் பள்ளி வந்தது. அதற்கு ஓராண்டு முன் சென்னையில் அதே மிஷனின் ஜான் ஆண்டர்சன் பறையர் சிறுவர்கள் சிலரைத் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். சாதி இந்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சேர்த்த சிறுவர்களை அனுப்ப மாட்டேன் என்று அவர் நின்றார். காஞ்சியில் இன்றும் ஆண்டர்சன் பெயரில் பள்ளி இருக்கிறது. வகுப்பறையின் பெஞ்சு ஒரு போர்க்களம் என்பது நம் பகுதியில் அப்போதிருந்தே தெரிந்த செய்தி.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காஞ்சிபுரம் அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தது. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரரின் தயவில் கிடந்த நம் மக்களின் வாழ்க்கையை அந்த அறிக்கை வெளியே கொண்டுவந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கேட்டுப் போராடுவது 1892-ல் அதன் தொடர்ச்சியாக வந்த அரசாணையின் நிலம்தான். பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவி தரும் கல்வி ஆணை 1893-ல் வந்தது. தோழர்கள் பலருக்கு முதல் ஆணை தெரியும், இரண்டாவது தெரியாது. நிலமும் பள்ளியும் அடுத்தடுத்து வந்தன.

வெள்ளைக்கார கலெக்டர் ஒருவரின் கருணையால் இவை வந்துவிடவில்லை. 1892-ல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்குப் பண்டிதர் அயோத்திதாசர் போனார். கோயில் நுழைவு கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. அப்படியானால் அந்தச் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். கோயில் நகரத்துப் பிள்ளைகளாகிய நாம் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். சாமியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைக் கேட்டார் பண்டிதர்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1907-ல் தொடங்கிய தன் இதழில் ஆத்திச்சூடியையே எடுத்து அதைப் பௌத்த அறநூலாக வாசித்து உரை எழுதினார். திரிவாசகம் என்று அதற்குப் பெயர் சொன்னார். அவருடைய சொல்லாராய்ச்சியை எல்லோரும் ஏற்பதில்லை. நமக்கும் சில இடங்களில் கேள்வி உண்டு. ஆனால் செய்த காரியத்தின் அளவைப் பாருங்கள். திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையிடம் திண்ணையின் முதல் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்து, இது உன் முன்னோருடையது என்றார்.

இனி நம் மாவட்டத்தின் ஒரு பையனைப் பற்றி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். நானூறு பேர் படித்த இடத்தில் ஏறக்குறையப் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். பெயர், ஊர், உறவு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும் என்று அந்தப் பையன் மற்றவர்களோடு பழகவே இல்லை. மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே தனியாக இருப்பான். மணி அடித்த பிறகு உள்ளே போவான். வகுப்பு முடிந்ததும் யாரும் பேச்சுக் கொடுக்குமுன் வேகமாக வீட்டுக்கு நடப்பான். பிற்காலத்தில் 'பறையன்' என்ற பெயரிலேயே 1893-ல் பத்திரிகை தொடங்கி ஏழாண்டு நடத்தியவரும், பாபாசாகேபோடு லண்டன் வட்டமேசையில் உட்கார்ந்தவரும், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-ல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவர்தான். சாதியை மறைத்து ஓடிய பையன் அதே சாதிப் பெயரைப் பத்திரிகையின் தலைப்பில் போட்டான் என்றால் நடுவில் அவனுக்குள் என்ன நடந்தது? பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, 1939-ல் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சின்ன நூலைக் கையில் கொடுங்கள். பழைய நடை கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்தால் போதும், ஒன்றிரண்டு மாலையில் முடிந்துவிடும். காஞ்சி வட்டாரத்து எழுத்தாளர் ஒருவரின் நூல் என்று ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நாம் இதையே சொல்வோம்.

தோழர்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பதில் இங்கேதான் கிடைக்கிறது. பாபாசாகேப் ஒன்பது வயதை ஒட்டிய பருவத்தில் தகப்பனாரைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலிக்கு ஒத்துக்கொண்ட ஒருவனும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டட்டும், நான் நடந்து வருகிறேன் என்றான். இரவு முழுக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஒன்பது வயதில் அவருக்கு நடந்தது இது. நம் பிள்ளைக்கும் சாதியைப் பெரும்பாலும் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. டீக்கடையோ, சக மாணவனின் பாட்டியோ, சத்துணவு வரிசையோ முந்திக்கொள்கிறது. ஆகவே சொல்லலாமா வேண்டாமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்குச் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதல் அவமானம் வருவதற்குள் அந்தப் பிள்ளையின் கையில் எத்தனை நல்ல புத்தகம் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் நாம் அக்கறை காட்ட வேண்டும். ஐந்து வயதில் பாட்டும் சிரிப்பும், எட்டு வயதில் உழைப்பின் பெருமை, பத்து வயதுக்கு மேல் சாதியின் பெயர், பதின்மூன்றுக்கு மேல் அதை எதிர்த்தவர்களின் வாழ்க்கை. நாங்கள் பின்பற்றும் வரிசை இதுதான். கண்டிப்பான விதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு வயதிலேயே அடிபட்டுவிட்ட பிள்ளை கேள்வியோடு வந்து நின்றால் வரிசையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஐந்து வயதுப் பாட்டிலிருந்தே நம் வரலாறு தொடங்குகிறது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். பரங்கிமலையில் 1883-ல் பிறந்த பெருந்தலைவர் எம்.சி.ராஜாவை நாம் சட்டசபைத் தலைவராக அறிவோம். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டு ஆதி திராவிடர் என்று எழுத 1922-ல் வழி செய்தவராக அறிவோம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். ரெங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற குழந்தைப் பாட்டு நூலைக் கொண்டுவந்தார். பால்வாடியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டிப் பாடும் பாட்டுகள் சில அந்த நூலில் இருப்பதைத் தலித் வரலாற்று ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அக்ரகாரத்துப் பிள்ளையும் கான்வென்ட் பிள்ளையும் மழலை மாறாமல் பாடுகிற பாட்டை அச்சில் ஏற்றியவர் ஒரு ஆதி திராவிட ஆசிரியர். இதைச் சொல்லும்போதெல்லாம் இளைஞர்கள் கைபேசியை எடுத்துத் தேடிப் பார்க்கிறார்கள். தேடட்டும், நல்லதுதான். பரங்கிமலை அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான் என்பதால் அவரையும் நம் உள்ளூர் எழுத்தாளர் கணக்கில் சேர்த்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

1920-களில் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகள் நடத்தியது. லேபர் ஸ்கூல் என்று சொல்லும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கு அதுதான் வேர். பள்ளி வந்தது, பிள்ளை வந்தாளா? பாதிப் பேர் வரவில்லை. அதற்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. அதன் பெயர் பட்டு.

கோர்வைச் சேலையில் உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளியின் கைக்கு எட்டாத பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் அவருக்கு அருகில் உட்கார வேண்டும். கூலி குறைவாக வாங்குகிற, குழித்தறியின் ஓரத்தில் ஒடுங்கி உட்காரக்கூடிய ஆள் யார்? பிள்ளைதான். தார் சுற்றவும் பிள்ளை, அறுந்த இழையை முடியவும் பிள்ளை. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பங்களின் பிள்ளைகளோடு இது நிற்கவில்லை. சுற்றுக் கிராமங்களின் காலனிகளிலிருந்தும் பிள்ளைகள் முன்பணத்துக்கு ஈடாகத் தறி வீடுகளுக்குப் போனார்கள். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். அதற்குப் பிறகும் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கடனுக்குக் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. இன்று கல்லூரியில் படிக்கும் தோழர்களில் சிலருடைய அம்மாக்கள் அந்தப் பிள்ளைகள். படிப்பகத்தின் வாசலில் நின்று உள்ளே வரக் கூச்சப்படும் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆறு வயதுக்கான படப் புத்தகம் முப்பத்தைந்து வயதிலும் முதல் புத்தகமாக இருக்கலாம். அவருக்கும் அது தேவைப்படுகிறது.

தமிழில் குழந்தை இலக்கியம் பெரிதாக வளர்ந்தது, இந்தப் பிள்ளைகள் தறியில் இருந்த அதே ஆண்டுகளில்தான். 1947-ல் அம்புலிமாமா வந்தது. 1950-ல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. வள்ளியப்பாவின் பாட்டுகளை நாம் ஒதுக்க மாட்டோம். வாயில் ஒட்டிக்கொள்ளும் அந்த எளிமை சாதாரணமாக வராது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்றும் கொடுக்கலாம். ஆனால் அந்தக் காலத்துக் கதைகளை மொத்தமாக அடுக்கிப் பாருங்கள். ராஜா, மந்திரி, பண்டிதர், வியாபாரி, முட்டாள் வேலைக்காரன். நம் பிள்ளை கதைக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்த வேலைக்காரன் வழியாகத்தான் நுழைய வேண்டும். மாட்டுக்கறி வேகும் வீடு, பறை காயும் திண்ணை, தார் சுற்றும் அக்கா, இவர்களைத் தேடினால் பக்கங்கள் புரண்டுகொண்டே போகும். மோசமான புத்தகங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவற்றை மட்டுமே படித்து வளர்ந்த பிள்ளை, புத்தகம் என்பது வேறு யாருடைய வீட்டுப் பொருளோ என்று நினைக்கத் தொடங்கும்.

காஞ்சி எழுத்தாளர் என்றால் யாருக்கும் முதலில் அண்ணா நினைவுக்கு வருவார். நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்தவர். அவர் எழுதியது பெரியவர்களுக்கு. ஆனாலும் 'செவ்வாழை' சிறுகதையைப் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் தயங்காமல் கொடுக்கலாம். உழவன் செங்கோடன் வளர்க்கும் வாழையின் குலைக்காகப் பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருக்கிறார்கள். குலை பண்ணை வீட்டுக்குப் போகிறது. சுரண்டல் என்ற சொல்லைச் சொல்லாமலே பிள்ளைக்கு அது விளங்கிவிடும். ஒன்றை மட்டும் சேர்த்துப் பேசுங்கள். வர்க்கம் அந்தக் கதையில் பளிச்சென்று தெரிகிறது. சாதியை நாம்தான் கேட்டு வெளியே எடுக்க வேண்டும்.

இன்றைய எழுத்துக்கு வருவோம். ஆறிலிருந்து எட்டு வயதுக்கு இப்போது பஞ்சமில்லை. பள்ளிக் கல்வித்துறை 2023-ல் வாசிப்பு இயக்கத்துக்காகச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் போட்டது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. வயதைக் கேட்காமல் வாசிக்கும் திறனைக் கேட்கிற இந்தப் பிரிப்பு நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். இடையில் பள்ளியை விட்டுத் தறிக்கோ செங்கல் சூளைக்கோ போய்த் திரும்பிய பதினோரு வயதுப் பையனிடம் 'இது ஆறு வயதுக்கானது' என்று அச்சிட்ட புத்தகத்தை நீட்டினால் அன்றோடு அவன் வர மாட்டான். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இந்தப் புத்தகங்கள் பெட்டியிலேயே கிடக்கின்றனவா என்று விசாரியுங்கள். கிடந்தால் தலைமையாசிரியரிடம் பேசி வகுப்பறைக்கு வரவையுங்கள். நமக்குச் செலவில்லாத வேலை. காஞ்சிக்குப் பக்கத்து ஊரான வந்தவாசியில் வாழும் மு.முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' எட்டு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கும். 2021-க்கான சாகித்ய அகாடமியின் பால புரஸ்கார் பெற்ற நூல். தலைப்பே வேலை செய்கிறது. அம்மா சொல்லிப் பிள்ளை கேட்பதுதான் வழக்கம், இங்கே மகள் சொல்கிறாள். படித்துக் காட்டிவிட்டு, உன் அம்மாவுக்கு நீ என்ன கதை சொல்வாய் என்று கேளுங்கள்.

எட்டிலிருந்து பத்துக்கு நாங்கள் முதலில் எடுப்பது காஞ்ச அய்லய்யாவின் 'பானை செய்வோம், பயிர் செய்வோம்'. அவர் தெலங்கானாக்காரர், உள்ளூர் இல்லை. இருந்தாலும் இதை விட முடியாது. ஆதிவாசி, மாடு மேய்ப்பவர், தோல் தொழிலாளி, குயவர், உழவர், நெசவாளர், சலவையாளர், முடி திருத்துபவர் ஆகியோரின் வேலைக்குள் என்ன அறிவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பேசுகிறது. தோல் பதனிடுவது வேதியியல், பாவு போடுவது கணக்கு. கோண்டு ஓவியர் துர்காபாய் வியாமின் படங்கள். நெசவாளர் பகுதியைத் தறி வீட்டிலேயே உட்கார்ந்து படிக்க வையுங்கள். தறியில் இருப்பவர் இரண்டு இடத்தில் தவறு கண்டுபிடிப்பார். அந்த வாக்குவாதம் பிள்ளைக்கு இன்னொரு பாடம்.

பத்து வயதுக்கு மேல் விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு'. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஏறும் சாதிக் கயிற்றைப் பற்றிய சின்னக் கதை. சாதிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நம் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. தடை ஆணை கயிற்றை அறுக்கலாம். ஏன் கட்டினோம் என்று கட்டிய பையனை யோசிக்க வைக்கக் கதை வேண்டும். எனவே இந்த நூலை நம் தெருவில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊர்த்தெருப் பள்ளியின் ஆசிரியருக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுங்கள்.

இதே வயதுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இருக்கிறது. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட சிறார் நாவல். ராஜா இல்லாத பழங்காலக் கதை நம் பிள்ளைக்கு அரிதாகத்தான் கிடைக்கிறது. கீழடியில் பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறி வைத்திருக்கிறார்கள் மக்கள். எழுத்து ஒரு சிலருக்கு மட்டும் என்று விதி வருவதற்கு முந்தைய காலத்தின் ஓடு அது என்று சொல்லிக் கையில் கொடுங்கள். யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நூலை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே படியுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் அத்துமீறலை மரப்பாச்சி பொம்மை ஒன்றின் வழியாகப் பேசுகிறது. பூட்டிய அறையில் வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் உள்ள ஊர் நம்முடையது. இந்த நூலைப் பாடநூலைப் போலக் கட்டாயமாக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பதின்மூன்றுக்கு மேல் தாத்தா ரெட்டமலையாரின் நூலை ஏற்கெனவே சொன்னோம். அதோடு சேர்த்துக் கொடுக்க 'பீமாயணம்'. மசூர் ரயில் நிலையமும் தண்ணீர் கிடைக்காத இரவும் படங்களாக வருகின்றன. துர்காபாய், சுபாஷ் வியாம் இருவரும் வரைந்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்பான பேச்சு பறவை வடிவக் கூட்டுக்குள் இருக்கும். நஞ்சு கலந்த பேச்சின் கூட்டுக்குத் தேளின் கொடுக்கு இருக்கும். நீ இன்று கேட்ட பேச்சை எந்தக் கூட்டுக்குள் எழுதுவாய் என்று கேட்டால் பேசாத பிள்ளையும் பென்சில் எடுக்கும். இரா.நடராசனின் 'ஆயிஷா' இதே வயதுக்கு. கேள்வி கேட்ட சிறுமியைப் பள்ளி என்ன செய்தது என்ற கதை. முடிவு கனமானது. தனியாகப் படிக்க விடாமல் கூட்டமாகப் படித்துப் பேசுங்கள்.

பதினைந்து, பதினாறில் பாமாவின் 'கருக்கு'. 1992-ல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. நம் வீட்டுப் பேச்சிலேயே முழுப் புத்தகம் எழுத முடியும் என்பதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த மொழியே விடுதலை. கல்லூரித் தோழர்கள் ஜெ.பாலசுப்பிரமணியத்தின் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' நூலை எடுங்கள். 1869 முதல் 1943 வரை நம்மவர்கள் நடத்திய இதழ்களின் வரலாறு. பத்திரிகை என்றாலே வேறு யாரோ என்று நினைத்திருந்த நினைப்பு அதோடு போகும்.

அலமாரியில் காலியாகக் கிடக்கும் இடங்களும் உண்டு. எம்.சி.ராஜாவின் வாழ்க்கை பத்து வயதுப் பிள்ளைக்குப் படங்களோடு வேண்டும். தறியில் மறுபக்கத்து நாடாவைத் தள்ளிய சிறுமி தன் கதையைச் சொல்லும் புத்தகம் வேண்டும். டிரெமென்ஹீர் காலத்து நிலத்தைக் கேட்டு 1994-ல் காரணையில் எழுந்த போராட்டமும், அதில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களும் பதினைந்து வயதுப் பிள்ளை படிக்கும்படி ஒரு நூலில் வர வேண்டும். எங்கள் அலமாரியில் இவை மூன்றும் இன்னும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் தோழர்கள் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கையெழுத்துப் படியை எடுத்து வாருங்கள். பிள்ளைகள் முன் வாசித்துக் காட்டலாம். செவ்வாய், வியாழன் மாலை ஆறரைக்கு வந்தால் இருப்பார்கள்.